புத்தாண்டுத் தீர்மானத்திற்கு இருபத்தைந்தாயிரம் ரூபாயா?

கேள்வி: தேவகோட்டையில் வசிக்கிறேன். வயது 38. காரைக்குடி ஜவுளிக்கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். ஒவ்வொரு சனவரி முதல் தேதியும் டைரியில் ஏழெட்டுத் தீர்மானங்களை எழுதுவேன். பொங்கலுக்குள் எல்லாம் கலைந்துவிடும். இந்த ஆண்டு நடைப்பயிற்சி, பாதியில் நிற்கும் டேலி கணக்கு மென்பொருள் படிப்பை முடிப்பது, பிள்ளைகளிடம் எரிந்து விழாமல் இருப்பது ஆகியவற்றை எழுதியிருக்கிறேன். என் நாத்தனார் அறிமுகப்படுத்திய பயிற்சியாளர் ஒருவர், 21 நாளில் பழக்கங்களை மாற்றி, ‘தன்னைத் தானே ஆளும் தலைமைப் பண்பை’ உருவாக்கித் தருவதாகக் கூறி 25,000 ரூபாய் கேட்கிறார். 3,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன். மீதியைக் கட்டலாமா?

பதில்: சகோதரி, மீதியைக் கட்ட வேண்டாம். முன்பணத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அந்த 21 நாள் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவின் ஒட்டறுவை (பிளாஸ்டிக் சர்ஜரி) மருத்துவர் ஒருவர், அறுவைக்குப் பிறகு மாறிய தம் முகத்திற்குப் பழகிக்கொள்ள நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாள்களாவது பிடிக்கிறது என்று தாம் கண்டதை 1960இல் எழுதினார். ‘குறைந்தது’ என்ற சொல் காலப்போக்கில் உதிர்ந்துபோக, எஞ்சிய எண்ணை வைத்து இன்று கடை நடத்துகிறார்கள். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 96 பேரைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, ஒரு செயல் தானாக நிகழும் பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாள்கள் ஆகும் என்றும், ஆளுக்கும் செயலுக்கும் தக்கபடி அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபடும் என்றும் கணக்கிட்டார்கள். இடையில் ஒருநாள் தவறியதால் பழக்கம் பாழாகிவிடவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. பொங்கலன்று நடக்கப் போகாததை வைத்து எல்லாம் முடிந்துவிட்டதென்று டைரியை மூடிவைக்கும் உங்களுக்கு, அந்தச் செய்தியே முதன்மையானது.

நம் பக்கத்தில் இந்த எண்ணை நகரத்தாரின் பிள்ளையார் நோன்போடு சேர்த்து ஒட்டுகிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. கார்த்திகைத் தீபத்திலிருந்து 21 நாள் எண்ணி, 21 இழைத் திரியை ஏற்றி மாவோடு உட்கொள்ளும் (‘இழை எடுத்துக்கொள்ளும்’) அந்த வழிபாடு, முடிவு நாள் குறிக்கப்பட்ட ஒரு நோன்பு. பூர்விக வீட்டு வளவில் உறவெல்லாம் கூடி நிறைவு செய்வது. நடைப்பயிற்சிக்கும் பொறுமைக்கும் நிறைவு நாள் கிடையாது. முன்னோர் பெயரைச் சொல்லி விற்கப்படும் எதையும் இரட்டிப்பு எச்சரிக்கையோடு பாருங்கள்.

அடுத்து அந்தப் பயிற்சியாளர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் கதையைச் சொல்வார். 1953இல் அங்கே படித்து முடித்தவர்களில் இலக்கை எழுதிவைத்த மூன்று விழுக்காட்டினர், இருபது ஆண்டுகளில் மற்ற அனைவரையும்விட அதிகச் செல்வம் சேர்த்தார்கள் என்பது கதை. அப்படியோர் ஆய்வு நடக்கவே இல்லை என்று அந்தப் பல்கலைக்கழகமே தெளிவுபடுத்தியிருக்கிறது. உங்கள் நாத்தனாரிடம் ஒன்றை மனத்தாங்கல் இல்லாமல் கேட்டுப் பாருங்கள்: ஆள் சேர்த்துவிட்டால் நாத்தனார் கட்டும் கட்டணத்தில் கழிவு உண்டா? இத்தகைய முகாம்களுக்குப் பணம் கட்டிவிட்டு என்னிடம் வந்தவர்களில் பலர் உறவினர் வழியாகவே போனவர்கள். ஏமாந்த பிறகும் உறவு முறிந்துவிடுமே என்று வாய் திறக்காதவர்கள்.

மருத்துவ உளவியலாளராகத் தொழில் செய்ய இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு வேண்டும். ‘வாழ்க்கைப் பயிற்சியாளர்’ என்று பலகை மாட்ட எந்தப் பதிவும் வேண்டாம், எந்தத் தேர்வும் வேண்டாம். இட்லிக்கடைக்குக்கூட உணவுப் பாதுகாப்புப் பதிவைக் கேட்கும் அரசு, மனிதர்களின் மனத்தில் கைவைப்பவர்களிடம் எதையும் கேட்பதில்லை. பள்ளிகளும் அலுவலகங்களும் இவர்களையே அழைத்து மாலை போடுகின்றன. இத்தனை ஆண்டுகள் சொல்லியும் ஒன்றும் மாறவில்லை.

இனி, நீங்கள் செய்ய வேண்டியது. எழுதியவற்றுள் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைச் சித்திரைக்குத் தள்ளுங்கள். ‘எரிந்து விழமாட்டேன்’ என்று விலக்கும் சொல்லால் எழுதாமல், என்ன செய்வேன் என்று எழுதுங்கள். ஸ்வீடனில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், ஒன்றைச் செய்வதாகத் தீர்மானித்தவர்களில் ஏறத்தாழ 59 விழுக்காட்டினரும், ஒன்றை விடுவதாகத் தீர்மானித்தவர்களில் 47 விழுக்காட்டினரும் ஆண்டு முடிவில் தாங்கள் வென்றதாகக் கூறினார்கள். பிறகு அந்தச் செயலை, நாள்தோறும் தவறாமல் நடக்கும் ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள். ‘வேலை முடிந்து வந்து முகப்பில் செருப்பைக் கழற்றியதும், யாரிடமும் பேசுவதற்கு முன் அங்கேயே உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்து முடிப்பேன்’ என்பது போல. உங்கள் கோபம் பெரும்பாலும் அந்த முதல் பத்து நிமிடத்தில் பிறக்கிறது என்பது என் ஊகம். அது தவறானால் நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

தன்னைத் தானே வழிநடத்துவது என்று அவர் விற்கும் பொருள், கணக்கு எழுதும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பர்மாவிலும் மலாயாவிலும் நகரத்தார் நடத்திய கடைகளில், முதலாளிக்காகக் கடையை நடத்தும் மேலாள் எவ்வளவு நம்பிக்கைக்குரியவராக இருந்தாலும் ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) எடுத்து ஊரிலிருக்கும் முதலாளிக்குக் காட்டியாக வேண்டும். உங்கள் விஷயத்தில் முதலாளியும் நீங்கள், மேலாளும் நீங்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் ஒதுக்கி, எத்தனை நாள் செய்தேன், எத்தனை நாள் தவறியது, தவறிய நாளில் என்ன நடந்தது என்று மூன்று வரி எழுதுங்கள். பற்றில் ஒரு தொகை விழுந்துவிட்டதென்று யாரும் பேரேட்டைக் கிழித்துப் போடுவதில்லை.

இதில் ஒரு விலக்கு உண்டு. அதைப் பலமுறை சொல்வேன். இரண்டு வாரத்திற்கு மேலாகப் பெரும்பாலான நாள்களில் மனம் சோர்ந்தே இருந்தாலோ, முன்பு பிடித்தவற்றில் நாட்டம் போய்விட்டாலோ, தூக்கமும் பசியும் கெட்டிருந்தாலோ, எந்தத் தீர்மானமும் எழுதாதீர்கள். அது மனவுறுதிக் குறைவாக இல்லாமல், மருத்துவம் வேண்டிய மனச்சோர்வாக இருக்கலாம். இரத்தசோகையும் தைராய்டுச் சுரப்புக் குறைவும்கூட ஒரு பெண்ணைக் காலையில் எழவிடாமல் செய்யும். ஓர் எளிய இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இத்தகைய நிலையில் இருப்பவரை விடியற்காலையில் எழுப்பி, கைதட்டி ‘என்னால் முடியும்’ என்று கத்தச் சொல்வது கொடுமை; முடியாமல் போகும்போது அவர் தம்மையே மேலும் வெறுப்பார். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்திருந்தாலும் இன்றே பேசுங்கள். இந்த விலக்கு உங்களுக்குப் பொருந்துமா என்பதை உங்கள் கடிதத்தை வைத்து என்னால் தீர்மானிக்க முடியாது. நீங்களே நேர்மையாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்பணம் 3,000 ரூபாய்க்கு ரசீது இருந்தால் எடுத்து வையுங்கள்; இல்லையென்றால் பணம் அனுப்பிய கைப்பேசிப் பதிவு போதும். முகாமில் சேரவில்லை, பணத்தைத் திருப்பித் தருக என்று தேதியிட்டு எழுத்தில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்யலாம். பேச்சுவார்த்தையை நாத்தனார் வழியாக நடத்தாதீர்கள். பயிற்சியாளரிடம் நேரடியாகவே கேளுங்கள்.