சமையலறைக் குழாயிலிருந்து புதிய குளியலறைக்குத் தண்ணீர் எடுக்கலாமா?

அன்புத் தங்கைக்கு,

முழங்கால் வலியால் அவதிப்படும் மாமியாருக்காகப் பின்னறையை ஒட்டி ஒரு குளியலறை கட்டப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஓடும் சமையலறைக் குழாயில் ஒரு 'டீ' (T வடிவக் கிளை இணைப்பு) போட்டுத் தண்ணீர் எடுத்துவிடலாம் என்று கட்டட வேலைக் குத்தகையாளர் சொல்கிறார், புதுக்கோட்டையிலும் பக்கத்துக் குழாயிலிருந்துதானே எடுப்பார்கள், சம்மதிக்கலாமா என்பது உங்கள் கேள்வி. சம்மதிக்க வேண்டாம் என்பதே என் பதில். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தமிழ்நாட்டிலிருந்து மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டுக்கு வந்து குடியேறும் பலருக்கு இந்த ஊர் வீடுகளின் தண்ணீர் அமைப்பு தெரிவதில்லை.

நம் ஊரில் தரைத் தொட்டியில் விழும் தண்ணீரை மோட்டார் மொட்டை மாடித் தொட்டிக்கு ஏற்றுகிறது. அதன்பின் வீட்டின் எல்லாக் குழாய்களிலும் வருவது பெரும்பாலும் அந்த ஒரே தொட்டியின் தண்ணீர்தான். இங்கே தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளின் வரிசை வீடுகளில் மோட்டார் இல்லை. தெருக்குழாயின் அழுத்தமே சீலிங்குக்கு மேலுள்ள தொட்டியை நிரப்புகிறது; நிரம்பியதும் மிதவை வால்வு மூடிக்கொள்கிறது. தொட்டிக்குப் போகும் வழியிலேயே ஒரு கிளை பிரிந்து சமையலறைக்கு வருவதால், குடிக்கவும் சமைக்கவும் நேரடித் தண்ணீர், குளிக்கவும் கழிப்பறைக்கும் தொட்டித் தண்ணீர் என்று வீட்டுக்குள் இரண்டு வழிகள் இருக்கும். உங்கள் வீடும் அப்படித்தானா என்று அறிய மீட்டரை அடுத்துள்ள வால்வை மூடிப் பாருங்கள். சமையலறைக் குழாய் நின்று, குளியலறைக் குழாய் தொடர்ந்து ஓடினால் சந்தேகமே வேண்டாம்.

அந்த நேரடிக் குழாயில் கழிப்பறையை இணைப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. தெருவில் பழுதுபார்ப்புக்காகத் தண்ணீரை நிறுத்தும்போது குழாய்க்குள் அழுத்தம் இறங்கி, சில வேளைகளில் உறிஞ்சும் விசையே உண்டாகிறது. அந்த நேரத்தில் கழிப்பறையில் கழுவும் குழலின் முனை வாளிக்குள் அமிழ்ந்து, அதன் வால்வும் திறந்திருந்தால், அழுக்கு நீர் குடிநீர்க் குழாய்க்குள் பின்னோக்கி இழுக்கப்படக்கூடும். தொட்டிவழி எடுத்தால் இந்த ஆபத்து குடிநீரை எட்டாது. மேலும், தண்ணீர் தடைப்படும் நாளில் முதலில் வறண்டுபோவது நேரடிக் குழாய்தான். வயதானவருக்கென்று கட்டும் அறை அன்றைக்குப் பயன்படாமல் போவது நியாயமில்லை.

ஆகவே தொட்டியிலிருந்தே ஒரு தனி வழியும் அதற்கென ஒரு தனி வால்வும் கேளுங்கள். நேரடித் தண்ணீரில் வேகம் அதிகம் என்று குத்தகையாளர் சொன்னால் அது உண்மைதான். சீலிங் தொட்டிக்கு உயரம் போதாது. ஒரு மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 0.1 பார் அழுத்தமே கிடைக்கும், ஷவருக்கு மேல் தொட்டி நிற்பதோ பெரும்பாலும் அவ்வளவு உயரத்தில்தான். இதைக் குழாயின் அகலத்தால் ஓரளவு ஈடுசெய்யலாம். தொட்டியிலிருந்து 1 அங்குலத்தில் இறங்கி, அறைவரை முக்கால் அங்குலத்தில் வந்து, ஒவ்வொரு குழாயடியிலும் மட்டும் அரை அங்குலமாகட்டும். அரை அங்குலமான 15 மில்லிமீட்டர் குழாயைவிட முக்கால் அங்குலமான 20 மில்லிமீட்டர் குழாயின் உட்பரப்பு ஏறக்குறைய 1.8 மடங்கு, முழங்கை வளைவுகளும் எவ்வளவு குறைகின்றனவோ அவ்வளவு நல்லது. சுடுநீருக்கு உள்ளேயே பம்ப் உள்ள ஹீட்டரை வாங்குங்கள். 10 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனம் ஹீட்டருக்கென்று தனியாக இருக்க வேண்டும். அதைப் பதிவுபெற்ற மின்பணியாளர்தான் பொருத்த வேண்டும். தெருக்குழாயிலிருந்து நேராக உறிஞ்சும் பம்ப்பை யார் சொன்னாலும் வைக்காதீர்கள், அதற்கு அனுமதியில்லை.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்புகளான லயங்களில் பொதுக்குழாயில் தண்ணீர் பிடித்து வாழ்ந்த குடும்பங்கள் பின்னர் வாங்கிய இந்த மலிவு விலை வீடுகள் ஒரே குளியலறைக்காகத் திட்டமிடப்பட்டவை, தொட்டியும் அந்த அளவுக்கே சிறியது. பெரிய தொட்டி வைக்க விரும்பினால் முதலில் சீலிங் மரங்களைக் கறையான் அரித்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 250 கேலன் தொட்டி நிறைந்தால் தண்ணீரின் எடை மட்டுமே 1,100 கிலோவைத் தாண்டும், அந்தப் பாரம் சுவரின்மேல் இறங்க வேண்டும். பழைய இரும்புக் குழாய் கண்ணில் பட்டால் அதில் புதிய பிளாஸ்டிக் இணைப்பை ஒட்டுப்போட வேண்டாம். உள்ளே துருவேறிய குழாய் மரை வெட்டும்போதே விரிசல் விடக்கூடும், அந்தப் பகுதியை அடியோடு மாற்றுவதே மேல்.

வீட்டுக்கு வெளியே சுவர் நீட்டிக் கட்டுவதானால் குவாலா கங்சார் நகராண்மைக் கழகத்தின் அனுமதி வேண்டும். குழாய் வேலையைத் தேசிய நீர்ச் சேவை ஆணையமான ஸ்பானின் அனுமதி பெற்ற பிளம்பரிடம் கொடுங்கள், மீட்டரையும் அதற்கு முன்னுள்ள குழாயையும் அவர் தொடக்கூடாது. அவை பேராக் நீர் வாரியத்தின் பொறுப்பு. கழிவுக் குழாய் மலத்தொட்டிக்கோ கழிவுநீர்க் குழாய்க்கோ போக வேண்டும், மழைநீர்க் கால்வாய்க்கு அல்ல.

சுவரைப் பூசி ஓடு பதிப்பதற்கு முன் கசிவுச் சோதனையை நீங்களே அருகிலிருந்து பாருங்கள். தொட்டிவழிக் குழாயின் சிறு கசிவை மீட்டர் முள்ளைப் பார்த்து உடனே கண்டுபிடிக்க முடியாது, ஏனெனில் நீர்மட்டம் சற்று இறங்கிய பிறகே மிதவை வால்வு திறக்கும். ஆகவே இரவில் தொட்டிக்குள் வரும் வால்வை மூடி, நீர்மட்டத்தைப் பென்சிலால் குறித்துவையுங்கள். எவரும் தண்ணீரைத் திறக்காத நிலையில் காலையில் அந்தக் கோட்டுக்குக் கீழே மட்டம் இறங்கியிருந்தால், ஒவ்வொரு இணைப்பையும் திரும்பப் பார்க்கும்வரை பூச்சு வேலையைத் தொடங்க விடாதீர்கள்.