விமானியாக விரும்பும் மகனுக்கு லேசிக்: கத்திக்கு முன் அளவுகோல்

தஞ்சாவூரிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் அவருடைய மகனுக்கு 20 வயது நிறைந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. இரு கண்களிலும் மைனஸ் 2.25 பவர் இருக்கிறது. இந்திய விமானப்படையில் விமானியாகச் சேர வேண்டும் என்பது மகனின் ஆசை. பயிற்சி மையத்தில், உடனே லேசிக் என்னும் லேசர் கண் சிகிச்சை செய்துகொண்டால், விமானப்படை அதிகாரிகளுக்கான நுழைவுத் தேர்வான ஏ.எஃப்.கேட்டின் அடுத்த சுற்றிலேயே நுழைந்துவிடலாம் என்றும், தங்களுக்குத் தெரிந்த கண் மருத்துவமனையில் சலுகை விலையில் முடித்துத் தருவதாகவும் சொல்கிறார்களாம். செய்யலாமா, செய்தால் மருத்துவப் பரிசோதனையில் அதை வெளிப்படுத்த வேண்டுமா என்பவை தந்தையின் கேள்விகள்.

ஐயா, விதி லேசிக்கைத் தடுக்கவில்லை. ஏ.எஃப்.கேட் அறிவிக்கையின் பின்னிணைப்பில் அதற்கான நிபந்தனைகள் தெளிவாகவே உள்ளன: சிகிச்சை 20 வயதுக்கு முன் நடந்திருக்கக் கூடாது, நடந்து 12 மாதங்களாவது சிக்கலின்றிக் கழிந்திருக்க வேண்டும், அதற்கு முன் இருந்த பவர் 6-ஐத் தாண்டியிருக்கக் கூடாது, சிகிச்சைக்குப் பின் கருவிழிப் படலத்தின் தடிமன் 450 மைக்ரானுக்குக் குறையக் கூடாது, கண்ணின் முன்பின் நீளம் 25.5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. இவை அத்தனைக்கும் பிறகு எஞ்சும் பார்வை, பறக்கும் பிரிவுக்குரிய வரம்புக்குள்ளும் வர வேண்டும். பள்ளிப் படிப்பு முடிந்ததும் சேரும் ராணுவப் பயிற்சிக் கழகமான என்.டி.ஏ. வழியாகச் செல்ல விரும்பும் பள்ளிப் பிள்ளைகளுக்கு லேசிக்கைப் பரிந்துரைக்கும் மையங்களும் இருக்கின்றன. அங்கே சேரும் உச்ச வயதே பத்தொன்பதரை என்கிறபோது 20 வயதுக்குப் பின் செய்ய வேண்டிய சிகிச்சை எப்படிப் பொருந்தும் என்று பெற்றோர் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

தங்கள் மகனுக்கு வயதும் பவரும் பொருந்துகின்றன. கருவிழித் தடிமனும் பெரும்பாலும் பொருந்தும். சராசரிக் கண்ணில் அது 540 மைக்ரான் அளவில் இருக்கும், ஒரு பவருக்குச் சுமார் 12 முதல் 15 மைக்ரான் வரை செதுக்குவார்கள் என்பதால் அவருக்கு முப்பது, முப்பத்தைந்து மைக்ரான் மட்டுமே குறையும். கவனம் தேவைப்படுவது கண்ணின் நீளத்தில்தான். மைனஸ் பவர் பெரும்பாலும் கண் சற்று நீண்டுவிடுவதால் வருகிறது. லேசிக் முன்பக்கத்துக் கருவிழியின் வளைவை மாற்றுகிறதே தவிர நீளத்தைத் தொடுவதில்லை. ஜன்னல் கண்ணாடியை மாற்றினால் அறையின் நீளம் குறையாது அல்லவா? நீண்ட கண்ணில் விழித்திரை இழுபட்டு மெலிந்து, கிழிவதற்கும் பிரிவதற்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதால் மருத்துவக் குழு அந்த நீளத்தைத் தனியாக அளக்கிறது. மைனஸ் 2.25 பவருக்கு இது 25.5-க்குள் இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனாலும் உடல்வாகைப் பொறுத்து மாறும். கண்புரை சிகிச்சை செய்யும் எந்த மருத்துவமனையிலும் சில நிமிடங்களில் அளந்து தருவார்கள். அந்த எண் 25.5-ஐத் தாண்டியிருந்தால், விமானி ஆவதற்காக லேசிக் செய்துகொள்வதில் பயனில்லை. சிகிச்சையைச் சலுகையில் விற்கும் மையம் இந்த அளவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பதே போதுமான எச்சரிக்கை.

அவசரமும் தேவையில்லை. பறக்கும் பிரிவுக்கு 24 வயது வரை இடமிருக்கிறது, தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. இப்போதே சிகிச்சை செய்துகொண்டு அடுத்த தேர்வில் எழுத்திலும் நேர்காணலிலும் வென்றாலும், 12 மாதம் முடியாத கண்ணோடு மருத்துவக் குழுவின் முன் போய் நிற்பதுதான் நடக்கும். அவசரம் மையத்துக்குத்தான், இந்த மாதம் வர வேண்டிய தரகுத் தொகை அடுத்த ஆண்டு வராமலே போய்விடக்கூடும்.

பறக்கும் பிரிவின் பார்வைத் தகுதி பற்றி ஒன்றை விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அரைகுறையாக வாசித்து ஏமாறுவோர் மிகப் பலர். ஒரு கண்ணில் 6/6, அதாவது இயல்பான முழுப் பார்வை, மற்றதில் சற்றுக் குறைந்த 6/9, கண்ணாடியால் 6/6 ஆகத் திருத்தக்கூடியதாக இருக்கலாம் என்பது விதி. இதைக் காட்டி, இலேசான பவர் இருந்தால் கண்ணாடியோடே விமானி ஆகலாம் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். விதியின் வாசகம் அங்கே முடிவதில்லை; இந்தச் சலுகை தூரப்பார்வைக்கு மட்டும், அதாவது பிளஸ் பவருக்கு மட்டும் என்று தொடர்கிறது. அந்தச் சலுகையும் ஒரு கண்ணுக்குத்தான். பிளஸ் பவருக்கும் உச்ச அளவு உண்டு. கண்ணாடி தேவைப்படும் மைனஸ் பவருக்கு இதில் இடமே இல்லை. இளம் கண் சிறிய பிளஸ் பவரைத் தானே சமாளித்துக்கொள்ளும், மைனஸ் பவரை அப்படிச் சமாளிக்க முடியாது, அது இருபதுகளிலும் கூடிக்கொண்டே போகலாம். ஆகவே ஒருவருக்குப் பிளஸ் 0.75 இருந்து தேர்வானார் என்பதை வைத்து, மைனஸ் 0.75 உள்ள இன்னொருவர் கணக்குப் போடக் கூடாது. பணியில் இருக்கும் மூத்த விமானிகள் கண்ணாடி அணிகிறார்களே என்றும் கேட்பார்கள். சேரும்போது வேண்டிய தகுதி வேறு, பயிற்சி பெற்ற விமானியைத் தக்கவைத்துக்கொள்ளும் தகுதி வேறு.

கண்ணுக்குச் செலவு செய்யுமுன், செலவு செய்தும் மாற்ற முடியாதவற்றைப் பாருங்கள். விமானிக்கு உயரம் குறைந்தது 162.5 சென்டிமீட்டர் வேண்டும். சுவரோடு முதுகை ஒட்டி உட்கார்ந்து காலை நீட்டினால் குதிகால் வரையிலான நீளம் 99 முதல் 120 வரை, முழங்கால் வரையிலான நீளம் 64-க்குள் இருக்க வேண்டும். கால் குட்டையானால் பெடல் எட்டாது, தொடை நீண்டிருந்தால் அவசரத்தில் இருக்கையோடு வெளியே எறியப்படும்போது முழங்கால் முன்பலகையில் மோதிவிடும். பிறவியிலேயே நிறங்களைப் பிரித்தறிய முடியாத குறைபாட்டைக் குணப்படுத்தும் மருந்து எதுவும் கிடையாது. நிறப் பார்வையைச் சோதிக்கும் புள்ளிப் படங்களின் எண்களை மனப்பாடம் செய்விக்கும் மையங்கள், இருட்டறையில் நடக்கும் நிற விளக்குச் சோதனையைச் சொல்வதில்லை. முதுகெலும்பின் எக்ஸ்ரேயையும் முன்கூட்டியே ஒருமுறை எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

ஒரு நாடாவால் ஐந்து நிமிடத்தில் அளக்கக்கூடிய கால் நீளத்தை, எழுத்துத் தேர்வு, ஐந்து நாள் நேர்காணல், வாழ்நாளில் ஒரே முறை அனுமதிக்கப்படும் விமானித் திறன் சோதனை ஆகிய அனைத்தையும் கடந்து வந்த பிள்ளையிடம் கடைசியில் அளந்து 'தகுதியில்லை' என்று எழுதும் ஏற்பாட்டின் மீது எனக்கு என்றுமே பொறுமை இருந்ததில்லை. என்.சி.சி. முகாம்களிலேயே இந்த அளவுகளை எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டியவர்கள் சொல்லாத இடத்தில்தான் தரகர்கள் கடை விரிக்கிறார்கள். இரவில் மட்டும் அணியும் கடினமான லென்ஸ் போட்டுக்கொண்டு மறுநாள் காலை பரிசோதனைக்குப் போகலாம் என்பது அவர்களுடைய இன்னொரு சரக்கு. அது கருவிழியைத் தற்காலிகமாகத் தட்டையாக்குகிறது, சில நாளில் பவர் திரும்பிவிடும். மருத்துவக் குழுவில் தெரிந்தவர் இருக்கிறார் என்று சொல்லிப் பணம் கேட்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மறைக்கக் கூடாது, மறைக்கவும் முடியாது. கருவிழியின் வளைவை வரைபடமாக எடுக்கும் கருவியில் சிகிச்சை செய்த கண் உடனே தெரிந்துவிடும். அதற்கு முன்பே பழைய நோய்கள், சிகிச்சைகள் பற்றிய உறுதிமொழியில் மகன் கையெழுத்திட்டிருப்பார். அனுமதிக்கப்பட்ட ஒன்றைச் செய்துவிட்டுப் பொய் சொன்னவர் என்று வெளியேற்றப்படுவதில் என்ன லாபம்? மாறாக, அளவுகள் எல்லாம் ஒத்துவந்து, பவரும் ஓராண்டாகக் கூடாமல் இருப்பது உறுதியான பிறகு லேசிக் செய்தால், அன்றே மருத்துவமனையிடமிருந்து முந்தைய பவர், முந்தைய கருவிழித் தடிமன், கண்ணின் நீளம், சிகிச்சை முறையின் பெயர், தேதி ஆகியவை முத்திரையோடு உள்ள அறிக்கையை வாங்கிவிடுங்கள். 'வெற்றிகரமாக லேசிக் செய்யப்பட்டது' என்ற ஒற்றை வரிச் சான்றிதழை ஏற்காதீர்கள். அதில் தேதியும் பழைய பவரும் இல்லாவிட்டால், 20 வயதுக்குப் பின்தான் செய்தது என்பதையும் 6-க்குள் இருந்தது என்பதையும் நிறுவும் பாரம் மகன் தலையில்தான் விழும்.