அளவு 6 சரிதான், நடக்கத்தான் முடியவில்லை

கால் வலி, செருப்பு என்று வந்த கடிதங்களை ஒரு பக்கமாக எடுத்து வைத்துக்கொண்டே வந்தேன். கட்டு பெருத்துவிட்டது. அதனால் இந்த முறை முழுக்கச் செருப்புதான். எனக்கும் பதினோரு வருஷமாக முடக்குவாதம் உண்டு; நடுவில் கொஞ்சம் சொந்தக் கதை வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். மாத்திரை பற்றிக் கேட்டவர்களுக்கு இங்கே பதில் இல்லை. அது உங்கள் டாக்டர் பாடு.

கேள்வி: ஒன்பது வருஷமாக முடக்குவாதம். வலது கால் கட்டைவிரல் பக்கத்து விரல் மேல் சாய்ந்து, அடியில் எலும்பு புடைத்துக்கொண்டு நிற்கிறது. காலையில் எழுந்து தரையில் கால் வைத்தால் கூழாங்கல் மேல் நிற்பது போல இருக்கிறது. ஒரே வருஷத்தில் மூன்று ஜோடி வாங்கிவிட்டேன். மூன்றும் அளவு 6. கடையில் போட்டால் சரியாக இருக்கிறது, தெருமுனை தாண்டுவதற்குள் வார் உரசிப் புண்ணாகிறது. கடைசியாக வாங்கியது 'ஆர்த்தோ' என்று பெட்டியில் அச்சடித்த 1,800 ரூபாய்ச் செருப்பு. எதைத்தான் வாங்குவது?
(ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்)

பதில்: டீச்சர், 6 என்பது நீளம் மட்டும்தான். 6-க்கும் 7-க்கும் உள்ள வித்தியாசம் சுமார் எட்டரை மில்லிமீட்டர் நீளம். அகலத்தைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்வதில்லை. உங்கள் கால் நீளவில்லை, அகன்றிருக்கிறது. இந்த இடத்தில்தான் பலரும் 'கொஞ்சம் பெரிசா எடுத்துக்குவோம்' என்று 7-க்கும் 8-க்கும் போவார்கள். முன்னால் இடம் கிடைக்கும், ஆனால் குதிகால் வழுக்கும். வழுக்கும் செருப்பை விழாமல் பிடித்துக்கொள்ள விரல்கள் தானாகவே மடங்கும். வீங்கிய மூட்டுக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

இது உங்கள் ஒருவர் பிரச்சினையும் அல்ல. சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரில் தொடங்கி நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்தது. நம்மவர் பாதம் ஐரோப்பியர், அமெரிக்கர் பாதத்தைவிட அகலம் என்று தெரியவந்தது. கடையில் இருப்பதோ இன்னும் இங்கிலாந்து அளவுதான். மூட்டு நல்லபடி இருப்பவர்கள் சமாளித்துக்கொள்கிறார்கள், நமக்கு முடிவதில்லை.

சரி, கடைக்குப் போகும் முன் ஒரு வேலை. சாயங்காலம், கால் நன்றாக வீங்கியிருக்கும் நேரத்தில், ஒரு தடித்த அட்டையில் நில்லுங்கள். உட்காரக் கூடாது, எடை முழுதும் காலில் இறங்க வேண்டும். வேறு யாராவது பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வரையட்டும். நீங்களே குனிந்து வரைந்தால் கோடு கோணும். இரண்டு காலையும் வரைந்து, வெட்டி, பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். கடையில் செருப்பைக் காலில் போடும் முன் அந்த அட்டையை உள்ளே வையுங்கள். அட்டை எங்கே மடங்குகிறதோ, எங்கே விளிம்பைத் தாண்டுகிறதோ, அங்கேதான் உங்களுக்கு வலிக்கப் போகிறது. அட்டைக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் மிஞ்ச வேண்டும். நான் இதைச் செய்தபோது விற்பனைப் பையன் சிரித்தான். நாலாவது ஜோடியில் அவனே அட்டையை வாங்கி வைத்துப் பார்க்க ஆரம்பித்தான்.

அடுத்தது வார். கட்டைவிரல் இடுக்கில் குச்சி வரும் ஹவாய் ரகம் உங்களுக்கு வேண்டவே வேண்டாம். காரணம் மேலே சொன்னதுதான், விரல்கள் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். வார் அகலமாக, மெத்தென்று, பாதத்தின் மேல்பக்கம் வர வேண்டும். புடைப்பின் மேல் தையலோ பக்கிளோ வரக் கூடாது. உள்பக்கம் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத முடிச்சு விரலுக்குத் தெரியும். பின்வார் கட்டாயம். முன், நடு, பின் மூன்றிலும் ஒட்டும் வெல்க்ரோ இருந்தால் காலை வீக்கத்துக்கு ஒரு மாதிரி, மாலை வீக்கத்துக்கு ஒரு மாதிரி மாற்றிக்கொள்ளலாம்.

செருப்பின் அடிப்பாகத்தை, அதாவது சோலை, இரு கையாலும் பிடித்து வளைத்துப் பாருங்கள். விரல்கள் தொடங்கும் இடத்தில் மட்டும் வளைய வேண்டும். நடுவில் சப்பாத்தி மாதிரி மடிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கட்டைவிரல் மூட்டு இறுகிப்போய் மடங்கவே மறுப்பவர்களுக்கு வளையாத சோலே நல்லது. அதிலும் முன்பக்கம் படகு மாதிரி மேலே எழும்பியிருந்தால் பாதம் மடங்காமல் உருண்டு போகும். குதிகால் உயரம் ஒரு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். ரொம்ப மெத்தை மாதிரி இருப்பதைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். கடையில் நாலு அடி வைக்க சுகம், அரை மணி நேரம் நடந்தால் கால் புதைந்து கணுக்கால் ஆடும்.

அந்தக் கூழாங்கல் வலிக்கு எம்.சி.ஆர். ரப்பர் போட்ட செருப்பைப் பாருங்கள். நுண்ணறை ரப்பர் என்பார்கள். தொழுநோயால் உணர்ச்சியற்றுப் போன கால்களைப் புண்ணிலிருந்து காக்க வேலூர், கரிகிரி மருத்துவமனைகளில் பயன்படுத்திப் பெயர் பெற்ற ரப்பர் இது. பிற்பாடு சர்க்கரை நோயாளிகளுக்கும் வந்தது. எடையை ஒரே இடத்தில் குவிக்காமல் பாதம் முழுக்கப் பரப்பிவிடும், அதுதான் அதன் வேலை. கட்டைவிரலால் அழுத்தினால் இறங்கி, விட்டதும் எழும்ப வேண்டும். எழும்பாமல் பள்ளம் விழுந்துவிட்டால் ஆயுள் முடிந்தது, மேல்வார் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சரி.

'ஆர்த்தோ' என்ற சொல்லைப் பெட்டியில் அச்சடிப்பதால் மட்டும் அது மருத்துவச் செருப்பு ஆகிவிடாது. உள்ளே என்ன ரப்பர், இன்சோல் (பாதம் பதியும் உள்மெத்தை) கழற்ற வருமா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அது வெறும் கறுப்புச் செருப்பு.

லேஸ் கட்டிய ஷூதான் உத்தமம் என்று வெளிநாட்டுக் குறிப்புகள் சொல்லும். காலையில் ஷூ போட்டு இரவில் கழற்றுகிற ஊர்க்காரர்கள் எழுதியது. நான் ஒரு வெள்ளிக்கிழமை எண்ணிப் பார்த்தேன்: வீடு, கோயில், டாக்டர் அறை வாசல், பக்கத்து வீட்டு வளைகாப்பு என்று மொத்தம் பதினான்கு தடவை கழற்றி மாட்டியிருக்கிறேன். விரல் மூட்டும் வீங்கியவள் பதினான்கு தடவை முடிச்சுப் போட முடியுமா? முடியாது என்பதால் குதிகாலை மிதித்துக்கொண்டே நடப்போம், அப்புறம் அந்த ஷூவுக்கு என்ன அர்த்தம்? ஒரு மருத்துவமனை வாசலில் ஒற்றைக்காலில் நின்று பின்வார் மாட்டப் போய் நானே விழுந்திருக்கிறேன். உட்கார ஒரு ஸ்டூல்கூட அங்கே இல்லை, அதுவும் எலும்பு டாக்டர் அறை! ஆகவே கடையிலேயே உட்கார்ந்தபடி, யார் உதவியும் இல்லாமல், ஐந்து தடவை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். வீட்டு வாசலில் கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று போடுங்கள்.

அந்த 1,800 ரூபாய்ச் செருப்பைத் தூக்கிப் போட வேண்டாம். சோல் நன்றாக இருந்தால் வாரை மட்டும் மாற்றலாம். புண் ஆறிய பிறகு புடைப்பின் மேல் குங்குமத்தைக் குழைத்துத் தடவி, செருப்பைப் போட்டுப் பத்து அடி நடங்கள். வாரின் உள்பக்கம் சிவப்பாக எங்கே ஒட்டியிருக்கிறதோ, அதைத் தெருமுனையில் செருப்பு தைப்பவரிடம் காட்டுங்கள். அந்த இடத்தைத் தளர்த்தியோ, வாரை அரை அங்குலம் நகர்த்தியோ தைத்துக் கொடுத்துவிடுவார். என் கால் பற்றி எங்கள் தெரு தைப்பவருக்குத் தெரிந்த அளவு எனக்குச் செருப்பு விற்ற யாருக்கும் தெரியாது.

அதற்கும் வலி அடங்கவில்லை என்றால், பெரிய அரசு மருத்துவமனைகளில் மறுவாழ்வு மருத்துவத் துறை இருக்கும். சென்னை கே.கே. நகரில் இதற்கென்றே அரசு மருத்துவமனை உண்டு. பாதத்துக்கு அளவெடுத்து இன்சோல் செய்வது பற்றி அங்கே விசாரியுங்கள். இன்சோல் வாங்குவதாக இருந்தால் முதலில் இன்சோல், பிறகு செருப்பு. மாற்றிச் செய்தால் உள்ளே இடம் போதாது. அப்புறம் ஒன்று: சர்க்கரையும் இருந்து, புண் ஆறாமல் நின்றால் செருப்புக் கடை அல்ல, ஆஸ்பத்திரி.

கேள்வி: அப்பாவுக்கு முழங்கால் தேய்மானம். இணையத்தில் 'அகலப் பாதத்துக்கு' என்று போட்டிருந்த ஷூவை 2,300 ரூபாய்க்கு வாங்கினேன். வந்தது சாதாரண அகலம். மூன்றாவது வாரத்தில் சோலும் வாய் பிளந்துவிட்டது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று பில்லில் இருக்கிறதாம், கைவிரிக்கிறார்கள்.
(வாசகர், கோவை)

பதில்: அந்த வரியைப் பார்த்துப் பயந்து எத்தனையோ பேர் விட்டுவிடுகிறார்கள். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் காலக்கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள் என்று சட்டமே சொல்கிறது. நீங்கள் மூன்றாவது வாரத்தில் இருக்கிறீர்கள், உடனே எழுத்தில் கேளுங்கள். போனில் பேசிக்கொண்டிருந்தால் நாள்தான் ஓடும். இணைய விற்பனைக்கென்று 2020-இல் தனி விதிகளும் வந்தன. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லை என்றாலே திரும்பப் பெற வேண்டும் என்கின்றன அவை. 'அகலப் பாதத்துக்கு' என்று போட்டிருந்த பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள், நாளைக்கே அந்த வார்த்தை காணாமல் போகலாம். அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நகரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம்.

ஆனால் ஒன்று. குறையே இல்லாத செருப்பு, உங்கள் காலுக்குப் பொருந்தவில்லை அல்லது நிறம் பிடிக்கவில்லை என்பதற்கு இந்தச் சட்டம் உதவாது. அது கடைக்காரர் மனசு. அதனால் வாங்கிய முதல் இரண்டு மூன்று நாள் வீட்டுக்குள்ளேயே சாக்ஸ் போட்டு நடந்து பாருங்கள், அடியில் தூசி படாமல் இருக்கட்டும்.

கேள்வி: அம்மாவுக்கு 76 வயது. இரண்டு காலிலும் மூட்டுவாதம், குதிகால் வலி வேறு. வீட்டில் தரை முழுக்க கிரானைட். வீட்டுக்குள் செருப்புப் போடச் சொன்னால் 'லட்சுமி இருக்கிற இடத்தில் செருப்பா' என்கிறார்.
(வாசகி, மதுரை)

பதில்: செருப்பு என்று சொல்லாதீர்கள், பாதி வேலை முடிந்துவிடும். வெளியே ஒரு நாள்கூடப் போடாத புது ஜோடியை அம்மா கையாலேயே பெட்டியிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். 'இது வாசல் தாண்டாது' என்பது எங்கள் வீட்டில் எடுபட்டது. பூஜை அறையிலும் அடுப்படியிலும் வெறும் கால்தான் என்று பிடிவாதமாக இருந்தால் விட்டுக்கொடுங்கள், அடுப்புக்கு முன்னால் தடிமனான ரப்பர் விரிப்புப் போடுங்கள். துணி விரிப்பு வேண்டாம், கிரானைட்டில் சறுக்கும். வீட்டுச் செருப்பிலும் பின்வார் வேண்டும். முக்கியமாக, குளியலறைக்கு அதையே போட்டுக்கொண்டு போகக் கூடாது. அந்தச் செருப்பின் மெத்தை ரப்பர் ஈரத்தில் சோப்பு மாதிரி வழுக்கும்.

கேள்வி: வலி குறையும் என்று முள் முள்ளாகப் புடைத்த அக்குபிரஷர் செருப்பை ஒரு கண்காட்சியில் தலையில் கட்டிவிட்டார்கள். போடலாமா?
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: வீங்கிய மூட்டின் மேல் முள்ளா? வேண்டாம். கால் மரத்துப்போகிற சர்க்கரைக்காரர்கள் தொடவே கூடாது, புண்ணானாலும் தெரியாது.

கேள்வி: நல்ல விலைக்கு வாங்கிய மெத்தைச் செருப்பைப் பத்திரமாகப் பீரோவில் வைத்திருந்தேன். இரண்டரை வருஷம் கழித்துக் கல்யாணத்துக்குப் போட்டால் மண்டப வாசலில் சோல் அவல் மாதிரி உதிர்ந்துவிட்டது! போலியா?
(வாசகி, திருவாரூர்)

பதில்: போலி என்று சொல்ல முடியாது. பாலியூரிதேன் சோலின் குணம் அது. காற்றில் உள்ள ஈரம் உள்ளே போய் மெல்ல மெல்ல அரிக்கும். போட்டு நடந்துகொண்டிருந்தால் உழைக்கும், பூட்டி வைத்தால் உதிரும். டெல்டா ஈரக்காற்றில் கேட்கவே வேண்டாம். தள்ளுபடியில் வாங்கும்போது பெட்டியில் தயாரித்த மாதமும் வருஷமும் பாருங்கள். இரண்டு வருஷம் கிடங்கில் கிடந்த ஜோடி பாதி விலைக்குக் கிடைத்தாலும் எனக்கு வேண்டாம்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து வரும் மகள் எனக்கு அகலமான ஷூ வாங்கி வருகிறேன் என்கிறாள். இங்கே எனக்கு 6. அங்கே என்ன சொல்ல?
(வாசகி, சேலம்)

பதில்: எண்ணைச் சொல்லாதீர்கள். பெண்களுக்கான அமெரிக்க எண் நம்முடையதைவிடச் சுமார் இரண்டு கூடுதல், அதிலும் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். அங்கே அகலத்துக்குத் தனி எழுத்து உண்டு, அதைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். பெண்கள் ஷூவில் 'பி' சாதாரணம், 'டி' அகலம், '2ஈ' அதைவிட அகலம். ஆண்கள் ஷூவிலோ 'டி' என்பதே சாதாரணம். பெண்கள் பிரிவில் அகலம் கிடைக்காவிட்டால் ஆண்கள் பிரிவில் ஒன்றரை எண் குறைத்துத் தேடலாம், வெள்ளை ஷூவில் யாருக்கும் தெரியப்போவதில்லை. கும்பகோணம் டீச்சருக்குச் சொன்ன அட்டையை நீங்களும் வரைந்து, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து, நேர் மேலிருந்து படம் எடுத்து மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஸ்கேல் இல்லாத படத்தை வைத்துக்கொண்டு அங்கே ஒன்றும் செய்ய முடியாது.