எ//3-2: ஆறே குறிகளில் எரிபொருள் கணக்கு

கேள்வி: எங்கள் கல்லூரிக் கணினி மன்றத்தில் அட்வென்ட் ஆஃப் கோட் என்ற, டிசம்பர்தோறும் இணையத்தில் வரும் நிரல் போட்டியின் பழைய புதிர்களைக் கொடுத்து, யாருடைய நிரல் மிகக் குட்டையோ அவருக்குப் பரிசு என்று அறிவித்திருக்கிறார்கள். 2019-ஆம் ஆண்டின் முதல் புதிர் ராக்கெட் எரிபொருள் பற்றியது. எடையை 3-ஆல் வகுத்து, மீதியை விட்டுவிட்டு, 2-ஐக் கழித்தால் எரிபொருள். இரண்டாம் பகுதியில் அந்த எரிபொருளைச் சுமக்கவும் எரிபொருள், அதைச் சுமக்க இன்னும் கொஞ்சம் என்று போகிறது. பைதான் நிரல் மொழியில் எனக்கு 14 வரி வந்தது. தோழி ஒரே வரியில் முடித்துவிட்டாள். எங்கிருந்து சுருக்கத் தொடங்குவது?
- கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: முதல் பகுதி சுலபம். எடைக்கு 'எ' என்று பெயர் வைத்தால் எ//3-2, அவ்வளவுதான். இரட்டைச் சாய்கோடே பின்னத்தை உதறிவிடும். முழு எண்ணாக்கத் தனி ஃபங்ஷன் வேண்டாம். 12 கொடுத்தால் 2, 1969 கொடுத்தால் 654. பைதான் 3 தமிழ் எழுத்தை மாறியின் பெயராக ஏற்றுக்கொள்வதால் இது அப்படியே ஓடும். ஆனால் உங்கள் போட்டியில் பைட் எண்ணுகிறார்கள் என்றால், எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 'எ' என்ற ஓர் எழுத்துக்கே 3 பைட் ஆகும். அங்கே ஆங்கில எழுத்தே லாபம்.

இரண்டாம் பகுதிக்கு வருவோம். நிரலில் கை வைக்கும் முன் ஒரு தாளை எடுத்து 1969-ஐக் கையால் போட்டுப் பாருங்கள். என் வகுப்பில் எல்லோரையும் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். 654, 216, 70, 21, 5. அடுத்தது -1, அதை விட்டுவிட வேண்டும். கூட்டினால் 966. எங்கே நிறுத்துவது என்பதுதான் இந்தக் கணக்கின் உயிர். எடை 8 என்றால் எரிபொருள் 0; 9 என்றால் 1. ஆகவே 'எ>8' என்ற ஒரே நிபந்தனை போதும். அது உண்மையாக இருக்கும் வரை திரும்பத் திரும்ப ஓடும் லூப்புக்குள் எ=எ//3-2;மொ+=எ என்று இருந்தால் முடிந்தது ('மொ' என்பது 0-இல் தொடங்கும் மொத்தம்).

உங்கள் தோழி தன்னையே அழைக்கும் ஃபங்ஷன் எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன். 'எ>8' என்பதை எழுதி அதன் பின்னால் 'அண்ட்' (and) சேர்த்தால், அது பொய்யாகும்போது வலப்பக்கத்தை பைதான் தொடவே தொடாது. அந்தப் 'பொய்' கூட்டலில் 0 ஆகிவிடும். அதனால் தனியாக ஒரு 'இல்லையென்றால்' எழுத வேண்டியதில்லை. உங்கள் 14 வரியில் பாதி அங்கேதான் போயிருக்கும்.

இந்தப் புதிரில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒரு பிழையில் கிடைத்தது. என் மாணவர் ஒருவர் 'எ 0 ஆகும் வரை' என்று நிபந்தனை வைத்துவிட்டார். 1969 ஒருபோதும் 0-ஐத் தொடாது; 5-இலிருந்து நேரே -1-க்குத் தாவிவிடும். நிரல் நிற்கவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் எண்ணை அச்சிடச் சொன்னேன். திரை முழுக்க -3, -3, -3. அவர் அழிக்கப் போனார், நான் தடுத்தேன். ஏன் -3 என்று கரும்பலகையில் போட்டுப் பார்த்தோம். -3-ஐ 3-ஆல் வகுத்தால் -1, அதில் 2 போனால் மறுபடி -3. அந்த எண் தன்னிடமே திரும்பி வருகிறது.

அப்படியானால் எல்லா எண்ணுடனும் 3 கூட்டிவிட்டால்? 1969-க்குப் பதில் 1972. அதை 3-ஆல் வகுத்துக்கொண்டே போங்கள்: 657, 219, 73, 24, 8. ஒவ்வொன்றிலும் 3 கழித்தால் 654, 216, 70, 21, 5. கழித்தல் 2 என்ற தொல்லையே காணாமல் போய்விட்டது! ஐந்தாவது படி மட்டும் வேண்டுமென்றால் லூப்பே இல்லாமல் (எ+3)//3**5-3 என்று நேரே எடுக்கலாம் (** என்பது பைதானில் அடுக்கு). பைதானில் இதனால் மொத்தக் கணக்குக்கு பைட் குறையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்று மதியம் முழுக்க நாங்கள் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். (அப்புறம் ஒன்று: சி மொழியில் இதே பிழை -3-இல் நிற்காது, -2-இல் நிற்கும். அங்கே முழு எண் வகுத்தல் பூஜ்யத்தை நோக்கி வெட்டும்; பைதானில் கீழ்நோக்கி வெட்டும், அதனால்தான் -1//3 என்பது -1.)

கேள்வி: நிஜ ராக்கெட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்துமா?
- பள்ளி ஆசிரியர், மதுரை

பதில்: 3, 2 என்ற எண்கள் பொருந்தாது. எரிபொருளைச் சுமக்க எரிபொருள் என்ற கருத்து முழுக்கப் பொருந்தும். ரஷ்ய ராக்கெட் அறிவியலாளர் சியோல்கோவ்ஸ்கி 1903-இல் வெளியிட்ட சமன்பாடு இதைத்தான் சொல்கிறது. அங்கே படிப்படியாகக் கூட்ட வேண்டியதில்லை. மடக்கை அந்த முடிவில்லாத கூட்டலை ஒரே அடியில் செய்துவிடுகிறது. நிரலும் ஒரே வரிதான்: எ*(2.718**(வே/வெ)-1). இதில் 2.718 என்பது அந்த மடக்கையின் அடிமானம், வே என்பது ராக்கெட்டுக்குத் தேவையான வேகம், வெ என்பது புகை வெளியேறும் வேகம், எ என்பது தொட்டி, எஞ்சின் உட்பட மேலே போய்ச் சேரும் எடை.

பூமியைச் சுற்றும் தாழ்ந்த பாதைக்கு, காற்றுக்கும் ஈர்ப்புக்கும் இழப்பதையும் சேர்த்து, நொடிக்குச் சுமார் 9.4 கி.மீ. வேகம் வேண்டும். திரவ ஹைட்ரஜன் எஞ்சினில் புகை வேகம் சுமார் 4.4 கி.மீ. என்றால் ஒரு டன்னுக்கு ஏழரை டன் எரிபொருள் ஆகிறது. இதில் ஆக்சிஜனும் அடக்கம். மண்ணெண்ணெய் எஞ்சினுக்கு 3.3 என்று போட்டால் பதினாறு டன்னைத் தாண்டும். வெ அடுக்கில் இருப்பதால்தான் இவ்வளவு வித்தியாசம்.

இப்படிச் சின்ன நிரல்கள் விண்வெளிக்கே போயிருக்கின்றன. 1975 ஜூலையில் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் சேர்ந்து நடத்திய அப்போலோ-சோயுஸ் பயணத்தில் அமெரிக்க வீரர்கள் எச்பி-65 கால்குலேட்டரைக் கொண்டு போனார்கள். இரண்டு கலங்களும் சந்திக்கும் கணக்குக்கு அது துணை ஏற்பாடு. அதன் நினைவகத்தில் ஒரு நிரலுக்கு இருந்த இடம் 100 அடிகள்.