நடக்க வெட்கப்படாதீர்கள்: மலைப்பாதை அல்ட்ரா ஓட்டம் பற்றிய கேள்வி பதில்

மட்டக்களப்பு கல்லடிக் கடற்கரையில் விடியற்காலையில் ஓடுகிறவர்களும், அவர்கள் மூலம் வெளியூர் நண்பர்களும் கேட்ட கேள்விகளைச் சேர்த்து வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். நான் பயிற்றுநர் கிடையாது. அலுவலக வேலை செய்கிற ஆள். 39 வயதில் ஓடத் தொடங்கினேன். பத்து வருடத்தில் மலைநாட்டுப் பாதைகளில் 50 கிலோமீற்றர் நான்கு தடவையும் 100 கிலோமீற்றர் ஒரு தடவையும் முடித்திருக்கிறேன். இன்னொரு 100 கிலோமீற்றரை 71-ஆவது கிலோமீற்றரில் விட்டுவிட்டு வந்தேன். அதையும் கேட்டிருக்கிறீர்கள், கடைசியில் சொல்கிறேன்.

அண்ணா, அல்ட்ரா மரதன் என்றால் சரியாக எவ்வளவு தூரம்? (ஏறாவூர், மாணவர்)

மரதன் 42.195 கிலோமீற்றர். அதைத் தாண்டினால் எல்லாம் அல்ட்ராதான். வழமையாக 50, 80, 100, 161 கிலோமீற்றர் என்று வைப்பார்கள். 161 என்பது நூறு மைல். ஆனால் தம்பி, மலைப்பாதையில் தூரத்தை மட்டும் கேட்காதே, மொத்தமாக எத்தனை மீற்றர் ஏற வேண்டும் என்றும் கேள். ஐரோப்பாவில் மொன் பிளாங் மலையைச் சுற்றி 2003-இலிருந்து நடக்கிற ஓட்டம் சுமார் 170 கிலோமீற்றர், ஏற்றம் மட்டும் சுமார் 10,000 மீற்றர். எங்கள் சிவனொளிபாதமலையின் உயரமே 2,243 மீற்றர்தான். கணக்குப் போட்டுப் பார்.

மலைப்பாதையில் நூறு மைல் ஓட்டம் தொடங்கிய கதையும் நல்ல கதை. அமெரிக்காவில் கலிபோர்னியா மலைகளில் ஒரு நாளுக்குள் நூறு மைல் போகிற குதிரைப் பந்தயம் இருந்தது. 1974-இல் கோர்டி ஐன்ஸ்லி என்பவர் குதிரை இல்லாமல், குதிரைகளோடு சேர்ந்து காலால் ஓடி 23 மணி 42 நிமிடத்தில் முடித்தார்.

21 கிலோமீற்றர் ஓடியிருக்கிறேன். 50 கிலோமீற்றருக்குப் போகலாமா? இடையில் நடந்தால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? (களுவாஞ்சிகுடி)

போகலாம். ஆறேழு மாதம் ஒழுங்காகப் பழகினால் போதும். நடப்பதைப் பற்றிக் கேட்டதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். எங்கள் பக்கத்து ஆட்கள் அதிகம் தடுமாறுகிற இடம் இதுதான்.

செங்குத்தான ஏற்றத்தில் ஓடுகிறவனும் வேகமாக நடக்கிறவனும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில்தான் மேலே போய்ச் சேருவார்கள். ஓடினவனுக்கு மூச்சு முட்டும், தொடை எரியும், அடுத்த அரை மணி நேரம் சாப்பாடு இறங்காது. நடந்தவன் மேலே போனதும் ஓடத் தொடங்குவான். உலகத்தின் முதல்தர ஓட்டவீரர்கள்கூட பெரிய ஏற்றங்களில் முழங்காலில் கையை ஊன்றி நடக்கிறார்கள். அதனால் நடையை ஒரு தனிப் பயிற்சியாகவே செய்யுங்கள். கிழமைக்கு ஒரு நாள் ஒன்றரை மணி நேரம், ஓடவே கூடாது, கைவீசிக் கடும் நடை.

எனக்கு இதைக் கற்றுத்தந்தது என் அப்பம்மா. கதிர்காமத்துக்குக் கால்நடையாக மூன்று தடவை போனவர். மட்டக்களப்பிலிருந்து பொத்துவிலுக்கே நூறு கிலோமீற்றருக்கு மேல். அதற்குப் பிறகு பாணமை, உகந்தை, காடு. சீலைத் தலைப்பில் ஒரு முடிச்சு இருக்கும். அதற்குள் உப்புக்கட்டி, தேசிக்காய், கொஞ்சம் பனங்கட்டி. மணலில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வார், தார் றோட்டில் போட்டுக்கொள்வார். காலுக்குள் ஒரு சிறு கல் போனாலும் அந்த இடத்திலேயே நின்று எடுத்துவிடுவார். “பிறகு எடுப்பம் எண்டு நடந்தா பிறகு நடக்கவே ஏலாது மனே” என்பார். பெரிய ஓட்டங்களில் பாதியில் விட்டவர்களின் பாதத்தைப் பார்த்தால் அந்தச் சொல்லின் பெறுமதி விளங்கும். பெரும்பாலும் ஐந்தாவது கிலோமீற்றரில் சப்பாத்துக்குள் போன ஒரு மண்துகள்தான் நாற்பதாவது கிலோமீற்றரில் உள்ளங்கை அகலக் கொப்புளமாக நிற்கும்.

எங்கள் ஊர் தட்டை. மலை ஓட்டத்துக்கு எங்கே பழகுவது? (வாழைச்சேனை)

ஏறுவதற்கு மூச்சு வேண்டும், அதைத் தட்டை நிலத்திலும் வளர்க்கலாம். கடற்கரையின் இளமணலில் இருபது நிமிடம் ஓடினால் கெண்டைக்காலும் குதிகாலும் நன்றாக வேலை செய்யும். எங்களைப் போன்றவர்களுக்கு உண்மையான ஆபத்து இறக்கம். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே இறுகுகிறது, உடம்பின் பாரத்தைத் தடுத்துப் பிடிக்கிறது. அந்த வேலை தசைநாரை நுண்ணியதாகக் கிழிக்கும். பழக்கம் இல்லாவிட்டால் மறுநாள் படியில் இறங்கக் கைப்பிடி தேவைப்படும். ஆனால் ஒரு தடவை அப்படி நோகவிட்டால் அடுத்த சில கிழமைகளுக்கு அதே தசை மிகக் குறைவாகவே நோகும். உடம்பு அவ்வளவு கெதியாகப் படித்துக்கொள்கிறது.

ஆகவே மூன்று நான்கு மாடிக் கட்டடம் ஒன்றில் அனுமதி கேட்டுப் படியில் இறங்கிப் பழகுங்கள். ஏறுவது ஆறுதலாக, இறங்குவது கவனமாக, குறுகிய அடி வைத்து. முதல் நாள் பத்துத் தடவை போதும். ஓட்டத்துக்கு மூன்று நான்கு கிழமைக்கு முன் ஒரு தடவை நல்லதண்ணிப் பக்கத்தால் சிவனொளிபாதமலை ஏறி இறங்கிவிட்டு வாருங்கள். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படி. கண்டியிலிருந்து நுவரெலியா வரை பழைய தேயிலைத் தோட்டப் பாதைகளை இணைத்து 300 கிலோமீற்றருக்கு மேல் நீளமாக, 22 பகுதிகளாகப் பீக்கோ டிரெயில் இருக்கிறது. அதில் ஒரு பகுதியை ஒரு நாளில் செய்யலாம்.

குடும்பிமலை சுமார் 530 மீற்றர், நல்ல ஏற்றம்தான். தனியாகப் போகாதீர்கள். ஏன் என்பது கீழே வருகிறது.

ஓடும்போது என்ன சாப்பிடுவது? வெளிநாட்டு ஜெல் விலை கட்டாது. (கல்முனை, ஆசிரியை)

டீச்சர், சிறு பையில் வருகிற அந்த இனிப்புக் கூழ், அதுதான் ஜெல், இல்லாமலே நூறு கிலோமீற்றர் போகலாம். கணக்கை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். மணிக்கு சுமார் 60 கிராம் மாச்சத்து வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராமளவு இருக்கும், சமைத்த சோறு நூறு கிராமில் 28 கிராமளவு. குளுக்கோஸ் மட்டும் என்றால் குடல் மணிக்கு 60 கிராமளவுதான் உறிஞ்சும். புருக்டோஸும் சேர்ந்தால் வேறு வழியாலும் உள்ளே போகும், பழகியவர்களுக்கு 90 வரை எடுபடும். எங்கள் சாதாரண சீனியே பாதி குளுக்கோஸ், பாதி புருக்டோஸ். நான் அரை லீற்றர் போத்தலில் ஏழு தேக்கரண்டி சீனி, கால் தேக்கரண்டி உப்பு, அரைத் தேசிக்காய் கலந்து கொண்டுபோகிறேன்.

தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற ஜீவனித் தூள் பற்றிப் பலர் கேட்கிறார்கள். நல்லது, ஆனால் அது வயிற்றோட்டத்துக்கு அளந்து செய்தது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி லீற்றருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ். உப்பு கிடைக்கும், ஓடுகிற சக்தி கிடைக்காது. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் போவது சோடியம், அதனால் இளநீருக்குள்ளும் ஒரு சிட்டிகை உப்புப் போடுங்கள்.

நான் கையில் எடுப்பது: குழைத்த சோற்றில் உப்பும் கொஞ்சம் நெய்யும் விட்டுப் பிடித்த சிறு உருண்டைகள், வாழையிலையில் சுற்றி. பேரீச்சம்பழம். அவித்த மரவள்ளித் துண்டு, உப்புத் தூவி. நாற்பது கிலோமீற்றருக்குப் பிறகு இனிப்பு வாய்க்குள் போகாது. அப்போது அந்த மரவள்ளித் துண்டு அமிர்தம். கச்சானும் கஜூவும் கொஞ்சம்தான், கொழுப்பு வயிற்றில் தங்கும்.

ஒன்று மட்டும். பயிற்சியில் சாப்பிடாத எதையும் ஓட்ட நாளில் சாப்பிட வேண்டாம். குடலும் பழக்கத்தால்தான் வரும்.

கச்சான் காற்றுக் காலத்தில் எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்? (அக்கரைப்பற்று)

தாகத்துக்குக் குடியுங்கள். வைகாசி முதல் ஆவணி வரை அந்த மேல்காற்று அனலாக அடிக்கும்போது வியர்வை தெரியாமலே காய்ந்துவிடும், குறைவாகக் குடிக்கிற ஆபத்து உண்மைதான். ஆனால் அளவுக்கு மிஞ்சிக் குடிப்பதும் ஆளைக் கொல்லும். 2002 பொஸ்டன் மரதனில் 488 பேரின் இரத்தத்தைப் பார்த்தபோது 13 வீதமானவர்களுக்கு சோடியம் குறைந்திருந்தது. ஓடிமுடித்தபோது நிறை கூடியிருந்தவர்களில்தான் அது அதிகம். விரல் வீங்கி மோதிரம் இறுகுகிறது, தலை இடிக்கிறது, குமட்டுகிறது, பேச்சுக் குழம்புகிறது என்றால் மேலும் தண்ணீர் ஊற்றிக்கொடுக்காதீர்கள். வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

பயிற்சிக்கு முன்னும் பின்னும் நிறை பாருங்கள். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு வியர்க்கிறீர்கள் என்பது அப்போது தெரியும். வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் போதும். அந்த விஷயத்தில் நாங்கள் மட்டக்களப்பார் கொடுத்துவைத்தவர்கள்.

எந்தச் சப்பாத்து? (செங்கலடி)

அரை அளவு பெரியது. மாலையில், கால் வீங்கியிருக்கும் நேரம் போட்டுப் பார்த்து வாங்குங்கள். அடியில் பல் இருக்க வேண்டும். பெருவிரல் நகத்தை ஒட்ட வெட்டுங்கள், விரல் இடுக்கில் வாசலின் பூசுங்கள். கம்பனிப் பெயரை நான் சொல்லமாட்டேன், கால் ஆளுக்காள் வேறு.

ஓட்டத்துக்கு முன்பே நோவு மாத்திரை போட்டால் நல்லதா? (பெரியகல்லாறு)

வேண்டாம். டைக்ளோபினாக், இபுபுரூபன் வகைகள் ஓட்டத்தின்போது சிறுநீரகத்தைப் பாதிக்கும். ஓடியபின் சிறுநீர் கோலா நிறத்தில் போனால் வீட்டில் இருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரி.

அண்ணா, நான் முழுக்கை, முழுக்காலுடைதான் போடுவேன். தலையும் மூடுவேன். அது தடையா? (காத்தான்குடி)

இல்லை தங்கச்சி. மலைப்பாதையில் அது பெரும் நன்மைகூட. முள், அட்டை, வெயில் மூன்றுக்கும் மறைப்பு. பருத்தித் துணி மட்டும் வேண்டாம், நனைந்தால் பாரமாகி உரசும். மெல்லிய, கெதியில் காய்கிற துணி எடுங்கள், தையல் உடம்பில் படும் இடங்களில் வாசலின். என்னோடு ஓடுகிற அக்கா ஒருவர் ஓட்டம் முழுக்கத் தலை மூடியே முடித்தார், எனக்கு 40 நிமிடம் முன்னால். பயிற்சிக்கு மூன்று நான்கு பேர் சேர்ந்து போங்கள். இருட்டில் தனியாக வேண்டாம், இதைத் தம்பிமாருக்கும் சொல்கிறேன்.

படுவான்கரையில் யானை, பாம்பு இருக்கிற இடத்தில் எப்படிப் பழகுவது? (வெல்லாவெளி)

நீங்கள் அங்கே வாழ்கிறவர், உங்களுக்கு என்னைவிடத் தெரியும். வெளியிலிருந்து வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். மாலை ஐந்துக்குப் பிறகும் விடிந்து வெளிச்சம் வரும் முன்னும் உன்னிச்சை, வவுணதீவு, வெல்லாவெளிப் பக்கத்துக் குளக்கட்டுகளில் ஓடவே கூடாது. காதில் இயர்போன் வேண்டாம். யானையின் புதுச் சாணம் ஆவி பறக்கக் கிடந்தால் வந்த வழியே திரும்புங்கள். போகும் முன் அந்த ஊர் வயற்காரரிடம் “ராத்திரி எந்தப் பக்கம் நிண்டது?” என்று கேளுங்கள், அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும்.

பாம்பு கடித்தால் வெட்டுவது, இறுக்கிக் கட்டுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். காலை அசைக்காமல் ஆளைத் தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், மருந்து அங்கேதான். காலில் புண்ணோடு வயல் தண்ணீருக்குள் இறங்குவதும் ஆபத்து, எலிக்காய்ச்சல் வரும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் வயல் வேலை செய்கிறவர்களுக்குத் தடுப்பு மாத்திரை கொடுப்பார்கள், போய்க் கேளுங்கள்.

உகந்தையிலிருந்து கதிர்காமம் வரை காட்டுப்பாதையை ஒரே நாளில் ஓடினால் எப்படி இருக்கும்? (திருக்கோவில்)

தம்பி, அந்த ஆசை எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது. இப்போது இல்லை. குமணையும் யாலவும் வனவிலங்குக் காடு. கதிர்காமக் கொடியேற்றத்தை ஒட்டி, யாத்திரிகர்களுக்காக மட்டும் வருடத்தில் சில நாள் அந்தப் பாதை திறக்கிறது. குமுக்கன் ஆற்றில் குளித்து, மரத்தடியில் உலை வைத்து, வயதான அம்மாமாரின் வேகத்துக்கு ஒத்து நடப்பதுதான் அந்த வழியின் முறை. அவர்களை முந்திக்கொண்டு மணிக்கூடு பார்த்து ஓடுவதை என்னால் ஏற்க முடியாது. ஒருமுறை நடந்து பாருங்கள். நாலைந்து நாள் காலில் நிற்பதற்கு அதைவிட நல்ல பயிற்சியும் இல்லை.

71-இல் ஏன் விட்டீர்கள்? (கல்லடி, கூட ஓடுகிறவர்)

குளிர். நான் வெப்பத்துக்கு மட்டும் ஆயத்தமாகப் போயிருந்தேன். பின்னேரம் நாலு மணிக்கு மழை பிடித்தது, இரவு எட்டுக்கு நான் தேயிலைக் காட்டுக்குள், நனைந்த மெல்லிய சேர்ட்டோடு. மழை அங்கி பையில் இருக்க வேண்டும் என்று விதியில் இருந்தது, நான் கடையில் கிடைத்த மலிவான பொலித்தீனைக் கொண்டுபோனேன், கம்பி வேலியில் மாட்டி முதல் மணி நேரத்திலேயே கிழிந்துவிட்டது. குளிர் பிடித்ததும் கை விறைத்தது. விறைத்த விரலால் சோற்றுருண்டையின் இலையைக் கட்டவிழ்க்க முடியவில்லை. சாப்பிடாததால் நடை தளர்ந்தது, நடை தளர்ந்ததால் இன்னும் குளிர்ந்தது. தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் ஒரு அம்மா என்னைப் பார்த்து உள்ளே கூப்பிட்டு, உள்ளங்கையில் சீனி வைத்து, பிளேன்டீ தந்தார். கோப்பையைப் பிடிக்க முடியாமல் அவரே பிடித்துக் குடிக்கவைத்தார். அடுத்த தரிப்பிடம் 71. அங்கே பெயரை வெட்டச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினேன். அது சரியான முடிவு, இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அடுத்த வருடம் தையல் ஒட்டிய நல்ல மழை அங்கி, கம்பளிக் கையுறை, இரண்டு ஹெட் லைட், பொலித்தீன் பையில் சுற்றிய காய்ந்த பெனியன் எல்லாம் கொண்டுபோனேன். சோற்றுருண்டைகளை இலையில் கட்டாமல், பல்லால் கிழிக்கக்கூடிய சிறு பைகளில் போட்டேன். அந்த வருடமும் மழைதான். அதே 71-ஆவது கிலோமீற்றர் தரிப்பிடத்தில் உட்கார்ந்து சொக்ஸ் மாற்றினேன், ஒரு பிளேன்டீ குடித்தேன், பிறகு விடியும் வரை பெரும்பாலும் நடந்தேன்.