கச்சேரிப் படம் இனவெறிக்கு எதிராக என்ன செய்துவிடும்?

"கச்சேரியில் எடுக்கும் படம் நினைவுக்கு வைத்துக்கொள்ளத்தானே, அதை வைத்து இனவெறியை எப்படி எதிர்ப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். எதிர்க்க முடியும் என்று நான் நம்புகிறேன். என்னை நம்ப வைத்தவை புகைப்படக்காரர் சிட் ஷெல்டன் 1977 முதல் 1981 வரை இங்கிலாந்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள்.

முதலில் அங்கே என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். 1976 ஆகஸ்டில் பர்மிங்காம் மேடையில் பிரபல ராக் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் குடிபோதையில், குடியேறிகளை வெளியேற்ற வேண்டும் என்றும் குடியேற்றத்தை எதிர்த்த அரசியல்வாதி ஈனோக் பவல் சொல்வதுதான் சரி என்றும் பேசினார். ஜமைக்காவின் கறுப்பினப் பாடகர் பாப் மார்லியின் பாட்டை அவரே பாடிப் பெரிய வெற்றி கண்டு இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது! கோபம் தாங்காமல் ரெட் சாண்டர்ஸ், ரோஜர் ஹடில் மற்றும் நண்பர்கள் சிலர் இசைப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் 'ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்' (இனவெறிக்கு எதிராக ராக் இசை) இயக்கம். சாண்டர்ஸும் ஒரு புகைப்படக்காரர்தான். அடுத்த வருடம் லண்டன் மாநகரத் தேர்தலில் நேஷனல் ஃபிரண்ட் என்ற இனவெறிக் கட்சி 1.19 லட்சம் ஓட்டு வாங்கியது, அதனால் இவர்களுடைய பயம் வீண் பயம் இல்லை.

ஷெல்டன் அந்த இயக்கத்துக்கு வெளியே நின்று படம் எடுத்தவர் அல்ல. உள்ளேயே இருந்தவர், 'டெம்பரரி ஹோர்டிங்' என்ற அவர்களுடைய பத்திரிகையை வடிவமைத்தவர்களில் ஒருவர். அதைப் பிரித்து விரித்தால் சுவரில் ஒட்டும் போஸ்டராகிவிடும். அங்கேதான் உங்கள் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது: அந்தப் படங்கள் ஆல்பத்தில் தூங்குவதற்காக எடுக்கப்பட்டவை அல்ல, நிகழ்ச்சிக்கு வரும் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தங்கள் அறையில் ஒட்டிக்கொள்ள எடுக்கப்பட்டவை.

1978 ஏப்ரல் 30 அன்று டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து ஊர்வலமாக நடந்து கிழக்கு லண்டனின் விக்டோரியா பார்க்குக்கு வந்து சேர்ந்தது பெரும் கூட்டம், எண்பதாயிரத்துக்குக் குறையாது என்பார்கள். கிளாஷ், ஸ்டீல் பல்ஸ், எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ், டாம் ராபின்சன் குழு என்று இசைக்குழுக்கள், பெரும்பாலும் வெள்ளை இளைஞர்களின் பங்க் இசையும் ஜமைக்காவிலிருந்து வந்த ரெகே இசையும் ஒரே மேடையில். அன்று ஷெல்டன் எடுத்த படம் ஒன்றில் கிளாஷின் பால் சிமோனன் பேஸ் கிட்டாருடன் நிற்கிறார், ஆனால் என் கண் அவரிடம் நிற்பதே இல்லை, அவருக்கு அப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பரந்து கிடக்கும் தலைகளிடம் போய்விடுகிறது. அதற்கு முந்தைய வருடம், லண்டனின் லூயிஷம் பகுதியில் 1977 ஆகஸ்ட் 13 அன்று நேஷனல் ஃபிரண்ட் ஊர்வலத்தை மக்கள் மறித்தபோது, ஒரு பொதுக் கழிப்பறைக் கட்டடத்தின் மேலே ஏறி நின்று ஒலிபெருக்கியில் பேசும் கறுப்பினப் போராளி டார்கஸ் ஹவ்வையும் அவர் எடுத்திருக்கிறார். அதுவும் ஒரு மேடைதானே.

பாட்டு மட்டும் போதாது என்று நீங்கள் சொன்னால் ஒப்புக்கொள்வேன். விக்டோரியா பார்க் நிகழ்ச்சி முடிந்து நான்கே நாளில், மே 4 அன்று, அதே கிழக்கு லண்டனில் வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த அல்தாப் அலி என்ற வங்காளதேசத் தொழிலாளியைக் குத்திக் கொன்றார்கள். அவருடைய சவப்பெட்டிக்குப் பின்னால் ஏழாயிரம் பேர் பிரதமர் இல்லம் இருக்கும் டவுனிங் தெரு வரை நடந்தார்கள். அந்த வருடம், வங்காளிகள் வாழும் கிழக்கு லண்டன் தெருவான பிரிக் லேனில் இனவெறிக்கு எதிராக எழுந்து நின்ற வங்காளிப் பிள்ளைகளை பால் டிரெவர் என்ற புகைப்படக்காரர் எடுத்த படங்களையும் தேடிப் பாருங்கள். அங்கே கிட்டார் இல்லை, ஆனால் பயத்தை உதறிய முகங்கள் இருக்கின்றன.

நான் கல்லூரி விழாக்களிலும் சின்னக் கச்சேரிகளிலும் படம் எடுக்கிறேன். பல வருடம் பாடகரின் முகத்தையும் மேடை விளக்கையும் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. ஷெல்டனின் தொகுப்பு 2015-ல் வெளிவந்தது. அதைப் பார்த்த பிறகுதான் மேடைக்கு முதுகைக் காட்டி நிற்கப் பழகினேன். யார் யாருடைய தோளில் கை போட்டிருக்கிறார்கள், யார் ஓரமாகத் தனியே நிற்கிறார்கள், யாரை உள்ளேயே விடவில்லை என்பதெல்லாம் அந்தப் பக்கம்தான் தெரிகிறது. நீங்களும் எடுப்பவர் என்றால் அடுத்த நிகழ்ச்சியில் முதல் இரண்டு பாட்டுக்காவது அப்படித் திரும்பி நின்று எடுத்துப் பாருங்கள். அப்புறம், எடுத்ததை அச்சடித்து, அதில் இருக்கிற பிள்ளைகளின் கையிலேயே கொடுங்கள்.