லூ ப்ளூமின் குரலில் நான் பேசினேன்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 31. விற்பனைப் பிரிவில் வேலை. டான் கில்ராய் எழுதி இயக்கிய ‘நைட்க்ராலர்’ (2014) படத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பழைய இரும்பைத் திருடி விற்றுக்கொண்டிருந்த லூ ப்ளூம், இரவு நேர விபத்துகளையும் குற்றங்களையும் படம்பிடித்துத் தொலைக்காட்சிக்கு விற்று முன்னேறுவது எனக்குப் பெரும் ஊக்கமாக இருந்தது. இலக்கு, உழைப்பு, பேரம் பற்றிய அவன் வசனங்களைக் குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்தேன். சென்ற மாதம், நான் செய்த விலைக்கணக்குப் பிழையை எனக்குக் கீழ் வேலை பார்த்த தம்பியின் மீது போட்டேன். அவருக்கு வேலை போயிற்று. “ஏன் அண்ணா இப்படிச் செய்தீர்கள்?” என்று அவர் கேட்டபோது, இதை ஒரு பாடமாக எடுத்துக்கொண்டு வளருங்கள் என்று பதறாமல் சொன்னேன். அன்றிரவு முதல் உறக்கமில்லை. முன்னேற வேண்டும் என்ற என் ஆசையே தவறா?

அன்புள்ள வாசகருக்கு,

ஆசை தவறில்லை. ஆனால் அந்த வசனங்களை லூ யாரிடம், எந்த நேரத்தில் சொல்கிறான் என்பதையும் குறிப்பேட்டில் எழுதினீர்களா? இணையவழி வணிகப் பாடத்தில் அவன் கற்ற சொற்கள் எல்லாமே கேட்பதற்கு நல்லவை. படத்தின் முரண்நகை அங்கேதான் இருக்கிறது. பங்கு கேட்ட உதவியாளன் ரிக்கிடம், துப்பாக்கிக்காரன் இறந்துவிட்டான் என்று பொய் சொல்லி அருகே அனுப்பிவிட்டு, அவன் சுடப்பட்டுச் சாவதைப் படம்பிடிக்கும்போதும் லூ நிர்வாக மொழியில்தான் விளக்கம் தருகிறான். இறுதியில் அவனுக்குத் தண்டனை இல்லை. வண்டிகள் இரண்டாகின்றன, புதிய பயிற்சியாளர்கள் சேர்கிறார்கள், தான் செய்யத் துணியாத எதையும் அவர்களைச் செய்யச் சொல்வதில்லை என்று உறுதி கூறுகிறான். அந்த உறுதிமொழி உண்மை என்பதால்தான் எனக்கு நடுக்கம் வருகிறது. படம் வெற்றியில் முடிவதால் நீங்கள் அதை முன்னேற்றக் கதையாக எடுத்துக்கொண்டீர்கள் என நினைக்கிறேன்.

உளவியலாளர்கள் டிம் காசரும் ரிச்சர்ட் ரயனும் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், உறவுகளையும் சமூக அக்கறையையும்விடப் பொருள் வெற்றியை மேலே வைத்தவர்களிடம் மனநலம் குறைந்திருந்தது. ஆகவே ஆசை எவ்வளவு பெரிது என்பதைக் காட்டிலும், அதை எதற்கு மேலே வைத்தீர்கள் என்று பாருங்கள்.

லூ உறக்கமின்றித் தவிப்பதாகப் படத்தில் ஒரு காட்சியும் இல்லை, நீங்கள் தவிக்கிறீர்கள். அது குற்ற உணர்வு. ஈடுசெய்யத் தூண்டுவது அதன் இயல்பு. பிழை உங்களுடையது என்று மேலாளரிடம் எழுத்தில் கொடுங்கள். உங்கள் வேலைக்கே ஆபத்து வரக்கூடும் என்பதை அறிந்தே சொல்கிறேன். பிறகு அந்தத் தம்பியிடம், அறிவுரை ஏதும் கலக்காமல், நடந்ததை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். அவர் பதில் பேசாமலும் போகலாம், மன்னிக்கும்படி வற்புறுத்தாதீர்கள்.